எலும்பில் கத்திப் பிடி போட்டேன், மூன்றே மாதத்தில் விரிசல், மஞ்சள் திட்டு. எங்கே தப்பு?

பட்டறைப்பையன் · 24 ஆகஸ்ட், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

மர அறுவை மில்லில் கழித்துப் போட்ட பட்டை ரம்பத்தில் ஒரு காய்கறிக் கத்தி செய்தேன். அலகு 15 செ.மீ. அலகில் குறை ஒன்றும் இல்லை, தக்காளித் தோலில் வைத்தாலே இறங்குகிறது. இதுவரை பூவரசு, கருவேலம் என்று மரத்தில்தான் பிடி போட்டிருக்கிறேன். இந்த முறை எலும்பில் போட ஆசை. ஒரு பழைய பேனாக்கத்தியின் எலும்புப் பிடியைத் தொட்ட நாளிலிருந்து அந்த ஆசை ஒட்டிக்கொண்டது. எடுத்ததும் சில்லென்று இருக்கும், கொஞ்ச நேரத்தில் கைச்சூட்டுக்கு வந்துவிடும். மரத்தில் அந்த உணர்வு வராது.

செய்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். மாட்டிறைச்சிக் கடையில் கால் எலும்பு இரண்டு வாங்கினேன். ஒட்டியிருக்கும் சதையெல்லாம் போக வேண்டும் என்று பிரஷர் குக்கரில் வைத்து 8 விசில் விட்டேன். வெள்ளை வெளேரென்று ஆகட்டும் என்று ஒரு ராத்திரி முழுக்கப் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் போட்டேன். மறுநாள் மொட்டை மாடியில், நல்ல மே மாத வெயிலில் நான்கு நாள் காயவைத்தேன். அப்புறம் இரண்டு சில்லாக அறுத்து, இரும்பின் இரண்டு பக்கமும் எபாக்சி வைத்து ஒட்டி, மூன்று பித்தளை ஆணி போட்டு இரண்டு முனையையும் சுத்தியலால் தட்டி விரித்தேன்.

முதல் மாதம் பார்க்கவே அழகாக இருந்தது. இரண்டாம் மாதம் அங்கங்கே மஞ்சள் திட்டு. தொட்டால் லேசாகப் பிசுபிசுப்பு, ஒரு சிக்கு வாடை. இப்போது பின் ஆணியிலிருந்து முடி மாதிரி ஒரு விரிசல் கிளம்பி நீளவாக்கில் ஓடுகிறது. ஓரத்தில் நகத்தால் நெம்பினால் பொடி உதிர்கிறது. எலும்பே இதற்கு லாயக்கில்லையா, நான் செய்த விதம் தப்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உலைமேடு · 24 ஆகஸ்ட், இரவு 11:05

தம்பி, எலும்பின் மேல் பழி போடாதே. நீ குக்கரில் வைத்த அன்றே பாதி போய்விட்டது.

எலும்பு என்பது இரண்டு பொருள் சேர்ந்து நிற்கிற விஷயம். எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. அது கடினத்தைக் கொடுக்கிறது. மிச்சத்தில் பெரும் பங்கு கொலாஜன் என்கிற நார். அது வளைந்து கொடுக்கும் தன்மையைக் கொடுக்கிறது. கோழிக்கால் எலும்பை வினிகரில் நாலைந்து நாள் போட்டுப் பார், தாது கரைந்து ரப்பர் மாதிரி வளையும். அதே எலும்பை அடுப்பில் சுட்டுப் பார், நார் எரிந்துபோய் வெறும் தாது நிற்கும், விரலால் நசுக்கினால் பொடியாகும். கத்திப் பிடிக்கு இரண்டும் ஒன்றாக வேண்டும்.

ஆட்டுக்கால் பாயா சாப்பிட்டால் விரல் ஒன்றோடொன்று ஒட்டுகிறதே, அது என்ன? எலும்பு, தசைநார், தோலிலிருந்து கொலாஜன் வெந்து கரைந்து வந்ததுதான். நீ 8 விசில் விட்டுப் பாயா வைத்திருக்கிறாய். சாறு குக்கரில் நின்றுவிட்டது, சக்கையைக் கத்தியில் ஒட்டிவிட்டாய். பிளீச்சிங் பவுடர் அதற்கும் மேல். அந்தக் குளோரின் மிச்சமிருந்த நாரையும் தின்றிருக்கும். ஓரம் சுண்ணாம்பு மாதிரி உதிர்வதற்குக் காரணம் அதுதான்.

மஞ்சள் திட்டு வேறு கதை, அது கொழுப்பு. கொதிக்க வைத்தால் மஜ்ஜைக் கொழுப்பு உருகி, வெளியே வருவதற்குப் பதிலாக எலும்பின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். வெளியே வெள்ளையாகத் தெரிவதால் சுத்தம் என்று நினைக்கிறோம். வெயில் சூடும் கைச்சூடும் பட்டு மாதக்கணக்கில் மெதுவாக மேலே வருகிறது. சிக்கு வாடையும் அதனுடையதே. கொழுப்பு இருக்கும் இடத்தில் எபாக்சியும் பிடிக்காது.

விரிசலைப் பற்றி நாளை எழுதுகிறேன். அந்தப் பிடியின் படம் இருந்தால் போடு. பின் ஆணிப் பக்கம் கிட்டத்தில் வேண்டும்.

பட்டறைப்பையன் · 25 ஆகஸ்ட், காலை 6:30

அண்ணா, மிக்க நன்றி. பாயா என்று சொன்னதும் சட்டென்று புரிந்தது. குக்கரைத் திறந்தபோது தண்ணீர் பால் மாதிரி இருந்தது, ஆறியதும் அல்வா பதத்தில் உறைந்தும் போனது. எலும்பின் பலம் கண் முன்னாலேயே கிடந்திருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன்.

கருக்கரிவாள் · 25 ஆகஸ்ட், காலை 8:12

ஆட்டு நல்லி எலும்பில் போடலாமா? எங்கள் பக்கம் மாட்டு எலும்பு கிடைப்பது கஷ்டம்.

உலைமேடு · 25 ஆகஸ்ட், இரவு 10:20

கருக்கரிவாள், ஆட்டு எலும்பின் சுவர் மெல்லிசு. வளைவைத் தட்டையாக்கித் தேய்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. சில்லாக அறுக்காமல் குழாயாகவே பயன்படுத்தினால் சிறிய பேனாக்கத்திக்கும் குத்தூசிக்கும் அருமையான பிடி கிடைக்கும். காம்பு போல ஒல்லியாக முடிகிற அலகை உள்ளே சொருகி, எபாக்சி நிரப்பி, வாயில் ஒரு பித்தளைப் பூண் மாட்டிவிடு.

சில்லுக்கு மாடு, எருமை. முழங்காலுக்குக் கீழே, குளம்புக்கு மேலே நேராக ஒரு எலும்பு இருக்கும். சூப்புக்குக் கேட்கிறவர்கள் மேல் எலும்பைத்தான் கேட்பார்கள், மஜ்ஜை அதில்தான் அதிகம். நமக்கு வேண்டியது கீழே இருக்கும் அந்த நேர் எலும்பு. நல்ல வளர்ந்த மாடாக இருக்க வேண்டும், கன்றுக்குட்டி எலும்பு வேண்டாம். ஒட்டக எலும்பு இதைவிட நீளம், சுவரும் கெட்டி. பாகிஸ்தானில் வசீராபாத் பக்கமிருந்து வருகிற கத்திகளில் நிறையப் பார்க்கலாம். நமக்கு அது தேவையும் இல்லை, எருமை எலும்பே போதும்.

இப்போது விரிசல். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் தம்பி. எலும்புக்கும் மரம் மாதிரி நீளவாக்கில் ரேகை உண்டு. மூங்கிலை எப்படிப் பிளக்கிறோம்? முனையில் வெட்டுக்கத்தியை வைத்து ஒரு தட்டு, சர்ரென்று நீளத்துக்கும் ஓடும். நீ ஆணியைத் தட்டி விரித்தபோது அந்த ஆணியே ஆப்பாகிவிட்டது. பின் ஆணி முனையிலிருந்து 6 மி.மீ. தள்ளித்தான் இருக்கிறது, போதாது. இன்னொன்றும் படத்தில் தெரிகிறது. எலும்புக்கும் இரும்புக்கும் நடுவே பழுப்பாக ஒரு கோடு இருக்கிறதே, அது துரு. ரம்ப இரும்பு துருப்பிடிக்கிற ரகம். கொழுப்பினால் பசை பிடிக்காத இடத்தில் தண்ணீர் புகுந்திருக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், உள்ளிருந்து நெம்பும். ஆணி ஒரு பக்கம், துரு ஒரு பக்கம் என்றால் எந்த எலும்பு தாங்கும்?

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். இதற்குக் குறுக்குவழி கிடையாது, இரண்டு மாதம் ஆகும் என்று முதலிலேயே மனதைத் தயார் செய்துகொள்.

எலும்பைப் பச்சையாகவே எடுத்து இரண்டு மூட்டையும் ஹாக்ஸாவால் அறுத்துத் தள்ளு. குச்சியால் குத்தி மஜ்ஜையை வெளியேற்று. மேலே ஒட்டியிருக்கும் சவ்வைக் கத்தியின் முதுகால் சுரண்டு. இரண்டு மூன்று நாள் பச்சைத் தண்ணீரில் ஊறப்போடு, தினமும் தண்ணீரை மாற்று, ரத்தம் எல்லாம் இறங்கிவிடும். அப்புறம் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிடு. முழுசாக வைத்துக் கொழுப்பு எடுப்பதைவிடப் பிளந்து எடுப்பது பாதி வேலை. அதைக் கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவமும் ஒரு கைப்பிடி சலவைச் சோடாவும் போட்டு ஊற வை. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் தண்ணீரை மாற்று. படலம் வராமல் நிற்கும் வரை இதுவே வேலை, எனக்குப் பெரும்பாலும் இரண்டு வாரம் ஆகும். எந்தக் கட்டத்திலும் கொதிக்கக் கூடாது. அவசரக்காரர்கள் அசிட்டோனில் போடுவார்கள். அது சீக்கிரம் இழுக்கும், ஆனால் குப்பென்று தீப்பிடிக்கிற சரக்கு. மூடிய கண்ணாடி ஜாடியில், வீட்டுக்கு வெளியே, அடுப்பு, பீடி, சுவிட்சு எதுவும் பக்கத்தில் இல்லாமல் வைக்க வேண்டும்.

வெள்ளை வேண்டும் என்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு. மெடிக்கலில் 6 சதவீதம் என்று போட்டுக் கிடைத்தால் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்து 3 ஆக்கிக்கொள். ஒரு நாள் போதும். வாயு கிளம்பும், மூடியை இறுக்காதே. அதிக நாள் போட்டால் அதுவும் எலும்பைத் தின்னும்.

காயவைப்பது நிழலில் மட்டும். வெயிலில் வைத்தால் வெளிப்புறம் முதலில் சுருங்கும், உள்ளே ஈரம் இருக்கும், வெடிக்காமல் என்ன செய்யும்? சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வை. இரண்டு வாரம் தொடர்ந்து எடை இறங்காமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

வேலை முடிந்த பிறகு விரிசலைக் கண்ணால் தேடாதே. கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே வைத்து இழு. கண்ணுக்குத் தெரியாததும் நகத்தில் தட்டும்.

மாட்டுவைத்தியம் · 26 ஆகஸ்ட், பிற்பகல் 2:15

நான் கால்நடை மருத்துவர். கத்தி செய்யத் தெரியாது, படிக்கப் பிடிக்கும். இரண்டு விஷயத்தை இங்கே யாரும் சொல்லவில்லை, கட்டாயம் சொல்ல வேண்டும்.

செத்துக் கிடந்த மாட்டின் எலும்பை எடுக்காதீர்கள். காட்டிலோ குளத்தங்கரையிலோ வெயிலில் வெளுத்து அழகாகக் கிடக்கும், இலவசம் என்று தூக்கிவரத் தோன்றும். அது அடைப்பான் நோயில் செத்த மாடா என்று உங்களுக்குத் தெரியாது. ஆந்த்ராக்ஸ் என்று செய்தித்தாளில் வருவது அதுதான். அந்தக் கிருமியின் வித்து மண்ணிலும் எலும்பிலும் ரோமத்திலும் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். எலும்பு அரவை ஆலைகளிலும் தோல் கிடங்குகளிலும் வேலை செய்தவர்களுக்கு அது தொற்றிய வரலாறு நீளமானது. முறையாகப் பரிசோதித்து அறுத்த மாட்டின் எலும்பைக் கடையில் வாங்குங்கள்.

அடுத்தது தூசி. எலும்பை ட்ரில் போடும்போது பல் டாக்டரிடம் வருகிற அதே வாடை வரும். அந்த வாடை வருகிறது என்றால் தூள் மூக்குக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். எலும்புத்தூள் மிக நுண்ணியது, நுரையீரலுக்குள் போய்த் தங்கி எரிச்சலும் ஒவ்வாமையும் உண்டாக்கும். துணியைக் கட்டிக்கொண்டு செய்யாதீர்கள். குறைந்தது என்95 முகக்கவசம், முகத்தில் இடைவெளி இல்லாமல். முடிந்தவரை தண்ணீர் விட்டுத் தேயுங்கள். வேலை முடிந்ததும் தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்தச் சட்டையோடு உள்ளே போகாதீர்கள்.

உலைமேடு · 26 ஆகஸ்ட், மாலை 7:00

டாக்டர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இதை நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். தண்ணீர் விட்டுத் தேய்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு, எலும்பு சூடாகாது. சூடானால் அந்த இடம் பழுப்பாகிக் கருகும், அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். நம் ஊர்க் கொல்லர்கள் அரிவாளின் அடி இரும்பைப் பழுக்கக் காய்ச்சி மரப்பிடிக்குள் சொருகுவார்களே, அந்த வேலையை எலும்பில் செய்யவே கூடாது.

ஆற்றங்கரை · 27 ஆகஸ்ட், அதிகாலை 3:48

நான் இருப்பது இங்கிலாந்தில் ஷெஃபீல்டில், இங்கே வந்து ஒன்பது வருடம். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்த ஊரே கத்தியால் வளர்ந்த ஊர். கெல்ஹாம் ஐலண்ட் அருங்காட்சியகத்தில் பழைய கத்தித் தொழிலாளர்களின் சிறு பட்டறைகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஒருவர் அலகு அடிப்பார், ஒருவர் சாணை பிடிப்பார், இன்னொருவர் பிடி மட்டுமே போடுவார். பிடிக்குத் தந்தம், மான்கொம்பு, மாட்டுக்கொம்பு, எலும்பு, முத்துச்சிப்பி என்று வகை வகையாக வரும். தந்தம் வாங்க வசதி இல்லாத வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எலும்புப் பிடி. பேனாக்கத்திக்கு எலும்பு போடும்போது மேற்பரப்பில் குழிகுழியாகச் செதுக்கிச் சாயம் ஏற்றி மான்கொம்பு மாதிரி தோன்றச் செய்வார்கள். அந்தப் பள்ளங்கள் ஈரக்கைக்குப் பிடிமானமும் கொடுக்கும். மான்கொம்பைப் பார்த்துச் செய்ய ஆரம்பித்தது, போகப் போக அதுவே தனி அழகாகி, இன்றைக்கு அமெரிக்கப் பேனாக்கத்திகளில் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள். 1870களில் செல்லுலாய்ட் என்கிற ஆரம்பகாலப் பிளாஸ்டிக் வந்தபிறகு தந்தத்துக்கும் எலும்புக்கும் பதிலாக அது மெல்ல மெல்லப் புகுந்தது.

ஒரு சனிக்கிழமைச் சந்தையில் எலும்புப் பிடி போட்ட மேசைக்கத்தி ஆறு வாங்கினேன். ஒரு கத்தியில் பிடி ஆடியது. கழற்றிப் பார்த்தால் உள்ளே கருஞ்சிவப்பாகக் கெட்டியாக ஒரு பசை. குங்கிலியப் பிசினும் செங்கல் தூளும் கலந்து உருக்கி ஊற்றுவது பழைய முறை என்று இங்கே ஒரு கைவினைஞர் சொன்னார். நம் ஊரில் வாள்பிடிக்கு அரக்கு ஊற்றுவதும் அதே யோசனைதான். இரண்டுமே சூட்டில் இளகும். அதனால்தான் எலும்புப் பிடிக் கத்தியைக் கொதிநீரில் போடாதே என்று இங்கே வீட்டுக்கு வீடு சொல்லி வளர்த்திருக்கிறார்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் பிசினும் இளகும், எலும்பும் வெடிக்கும்.

மலைக்காட்டான் · 27 ஆகஸ்ட், இரவு 8:30

எலும்புக்கு இவ்வளவு பாடு எதற்கு? எங்கள் பக்கம் எஸ்டேட்டில் மிளா மான் கொம்பு உதிர்ந்து கிடக்கும். யாரும் கொல்லவில்லை, தானாக விழுந்தது. அதை எடுத்துப் போட்டால் எலும்பைவிட உறுதி என்கிறார்களே?

உலைமேடு · 27 ஆகஸ்ட், இரவு 9:15

உறுதி என்பது உண்மை. மான்கொம்பும் ஒரு வகை எலும்புதான், வருடா வருடம் முளைத்து உதிர்வது. அதில் நார்ப்பங்கு அதிகம், முட்டிமோதித் தாங்க வேண்டிய உறுப்பு அல்லவா? மாட்டுக்கொம்பு முற்றிலும் வேறு, அது நகமும் முடியும் போன்ற பொருள், சூட்டில் இளகி வளையும். நிறையப் பேர் மூன்றையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆனால் நண்பரே, அதைத் தொடாதீர்கள். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது அரசின் சொத்து. உதிர்ந்து கிடந்தாலும் எடுத்து வைத்துக்கொள்வதும் விற்பதும் குற்றம். எனக்குச் சட்ட பயம் மட்டும் இல்லை. உதிர்ந்ததை வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் உதிராததையும் யாராவது கொண்டுவருவான். காட்டில் கிடக்கும் கொம்பை முள்ளம்பன்றி கடித்துத் தாதுச் சத்தாக எடுத்துக்கொள்கிறது, அதற்கே இருக்கட்டும்.

மலைக்காட்டான் · 27 ஆகஸ்ட், இரவு 9:52

முள்ளம்பன்றி விஷயம் தெரியாது அண்ணா. பல் தடம் பதிந்த கொம்பு பார்த்திருக்கிறேன், எலி என்று நினைத்தேன். சரி, எடுக்கவில்லை.

தாத்தாபேனா · 28 ஆகஸ்ட், காலை 11:20

இதோடு சேர்ந்த ஒரு சந்தேகம். தாத்தா காலத்துப் பேனாக்கத்தி ஒன்று பெட்டியில் கிடைத்தது. வெளிர் மஞ்சள் பிடி. தந்தம் என்று வீட்டில் சொல்கிறார்கள். எலும்பா தந்தமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார் என்று ஒருவர் சொன்னார்.

ஆற்றங்கரை · 28 ஆகஸ்ட், மாலை 6:10

குத்தாதீர்கள், பொருள் கெட்டுவிடும். செல்லுலாய்டாக இருந்தால் தீயே பிடிக்கும்.

பூதக்கண்ணாடி ஒன்று போதும். பிடியின் பக்கவாட்டில் சின்னச் சின்னக் கரும்புள்ளியும் முடித்துண்டு போன்ற குட்டைக் கோடுகளும் தெரிந்தால் எலும்பு. அவை உயிரோடு இருந்தபோது ரத்தக்குழாய் ஓடிய நுண்துளைகள், அழுக்கேறிக் கறுத்திருக்கும். தந்தத்தில் அந்தத் துளை கிடையாது. தந்தத்தின் குறுக்குவெட்டு முகத்தில், அதாவது பிடியின் கோடியில், வளைந்த கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக் கூடைப்பின்னல் போலத் தெரியும். நீளவாக்கில் ஒரே சீராக, அளவெடுத்த மாதிரி இணைகோடுகள் ஓடினால் தந்தம் மாதிரி செய்த செல்லுலாய்டாக இருக்கும்.

தந்தம் என்று தெரிந்தால் விற்க நினைக்காதீர்கள். இந்தியாவில் 1986இல் நம் யானைத் தந்த வணிகத்தையும், 1991இல் ஆப்பிரிக்கத் தந்தத்தையும் தடை செய்துவிட்டார்கள். வனத்துறையில் கேட்டு நடந்துகொள்ளுங்கள். அந்தத் தடைக்குப் பிறகு தந்தம் செதுக்கிய வடநாட்டுக் கைவினைஞர்கள் பலர் எருமை எலும்புக்கு மாறினார்கள். உத்தரப்பிரதேசத்தில் சம்பல் பக்கம் கொம்பு, எலும்பு வேலை இன்றும் பெரிய தொழில்.

தாத்தாபேனா · 28 ஆகஸ்ட், இரவு 7:45

பார்த்துவிட்டேன். புள்ளியும் குட்டைக் கோடும் தெளிவாகத் தெரிகிறது, எலும்புதான். மனசு லேசாகிவிட்டது, நன்றி.

அடுப்படி · 29 ஆகஸ்ட், காலை 10:05

நான் சமைக்கிறவள். உங்கள் கத்தியை வாங்கிப் புழங்குகிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன். காய்கறிக் கத்திக்கு எலும்பு சரிவராது. நாள் முழுக்க ஈரக்கை, மீன் கழுவின கை, மஞ்சள் கை. நான் ஒரு எலும்புப் பிடிக் கத்தி வைத்திருந்தேன். மஞ்சள் கறை ஏறினது ஏறினதுதான், போகவில்லை. பித்தளை ஆணி கறுத்துப்போய்விட்டதே என்று குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளியைப் போட்டுத் தேய்த்தேன். ஆணி பளபளத்தது, ஆணியைச் சுற்றி எலும்பு சொரசொரவென்று குழிந்துவிட்டது. மேலே அண்ணா வினிகர் கதை சொன்னபிறகுதான் காரணம் தெரிகிறது. புளி, எலுமிச்சை, தக்காளி எல்லாம் அந்தத் தாதுவைக் கரைக்கிறது.

இன்னொன்று. எங்கள் வீட்டில் மாமியார் சைவம். பிடி எலும்பு என்று தெரிந்தால் அந்தக் கத்தியால் நறுக்கின காயை அவர் தொடமாட்டார். விற்கிறவர்கள் தயவுசெய்து இது எலும்பு என்று வாயைத் திறந்து சொல்லி விற்க வேண்டும். எந்த மிருகம் என்றும் சொல்ல வேண்டும். மாடு வேண்டாம் என்பவர் இருப்பார், பன்றி வேண்டாம் என்பவர் இருப்பார். அவரவர் வீட்டுக்குள் போகிற பொருள்.

உலைமேடு · 29 ஆகஸ்ட், இரவு 9:30

அக்கா சொன்னது இரண்டும் முழு உண்மை. நான் விற்கிற கத்தியின் உறையிலேயே என்ன எலும்பு என்று எழுதிவிடுவேன். கேட்டபிறகு சொல்வது போதாது.

கருக்கரிவாள் · 29 ஆகஸ்ட், இரவு 10:14

காய்கறிக் கத்திக்கு ஆகவே ஆகாது என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் சித்தப்பாவிடம் எருமை எலும்புப் பிடி போட்ட கறிக்கத்தி பல வருடமாக ஓடுகிறது. வேலை முடிந்த உடனே கழுவித் துடைத்துவிடுவார், தொட்டியில் போட மாட்டார், மாதம் ஒருமுறை தேன்மெழுகு தடவுவார். பராமரிக்கிற கைக்கு எதுவும் நிற்கும்.

அடுப்படி · 30 ஆகஸ்ட், காலை 7:20

உங்கள் சித்தப்பா ஒரு கத்தியோடு உட்கார்ந்து கறி வெட்டுகிறார் தம்பி. நான் காலை 6 மணிக்கு மூன்று டிபன் கட்ட வேண்டும். நறுக்கின கத்தி தொட்டியில்தான் விழும், துடைக்க நேரம் எங்கே? தினசரிக் கத்திக்கு மரமோ பிளாஸ்டிக்கோ இருக்கட்டும். எலும்பு அழகுதான், அதற்கு நேரம் இருக்கிறவர் கையில் இருக்கட்டும்.

கருக்கரிவாள் · 30 ஆகஸ்ட், காலை 8:02

அது நியாயம் அக்கா. அந்தப் பக்கத்தை நான் யோசிக்கவில்லை.

பட்டறைப்பையன் · 30 ஆகஸ்ட், இரவு 9:00

எல்லோருக்கும் நன்றி. காய்கறிக் கத்தியிலிருந்து அந்தப் பிடியைக் கழற்றிவிட்டேன். சூடு காட்ட வேண்டிய தேவையே இல்லாமல் உளியை வைத்ததும் ஒரு சில்லு அப்படியே வந்துவிட்டது. உள்பக்கம் எபாக்சி கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிறது, எலும்பைப் பிடிக்கவே இல்லை. அண்ணா சொன்ன கொழுப்பு. அந்தக் கத்திக்குப் பூவரசு போடப்போகிறேன். எலும்பைப் பேனாக்கத்தி அளவில் ஒரு சிறிய கத்திக்கு, முதலிலிருந்து சரியாகச் செய்யப்போகிறேன். எண்ணெய் எது தடவலாம்? தேங்காய் எண்ணெய்?

உலைமேடு · 30 ஆகஸ்ட், இரவு 9:40

சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம். இரண்டு வாரம் கஷ்டப்பட்டுக் கொழுப்பை எடுத்துவிட்டு மறுபடியும் சிக்கேறுகிற எண்ணெயை ஊற்றுவானேன்? தேன்மெழுகு போதும், கையால் தேய்த்துத் துணியால் துடை. பிராசோ மாதிரி பித்தளைப் பாலிஷையும் தவிர்த்துவிடு, தேய்க்கும்போது வரும் கறுப்பு எலும்பின் துளையில் ஏறினால் வராது.

பட்டறைப்பையன் · 18 ஜனவரி, இரவு 8:25

பொங்கலுக்கு முடித்துவிட்டேன். அறுவடை மாதிரி இதற்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

எருமைக் கால் எலும்பு, கடையில் சொல்லிவைத்து வாங்கியது. பிளந்து சோடாத் தண்ணீரில் போட்டதில் முதல் நான்கு நாள் மேலே ஏடு மாதிரி கொழுப்பு மிதந்தது. பதினேழாம் நாள்தான் தண்ணீர் தெளிவாக நின்றது. பெராக்சைடு ஒரு நாள். முழு வெள்ளை எனக்குப் பிடிக்கவில்லை, கெட்டித் தேயிலைச் சாயத்தில் இரண்டு நாள் போட்டேன், பழைய புத்தகத் தாள் நிறம் வந்தது. காய்வதற்கு ஒன்பது வாரம். தராசில் 94 கிராமில் ஆரம்பித்து 83இல் நின்றது. கடைசி மூன்று வாரம் ஒரு கிராமும் இறங்கவில்லை.

சில்லு 5 மி.மீ. கனம். உள்பக்கத்தில் பஞ்சு போன்ற பகுதி கொஞ்சம்கூட மிஞ்சாமல், கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். இதற்கே இரண்டு ராத்திரி போனது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓரத்தில் பின்னால் இருக்கும் விரல் தெரிகிற அளவுக்கு ஒளி ஊடுருவுகிறது, மரத்தில் இப்படி ஒரு அழகை நான் கண்டதில்லை. ஒட்டும் முன் அசிட்டோன் துணியால் துடைத்து, உள்பக்கத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டேன். கிளாம்பை இறுக்கிப் பிழியவில்லை. ஆணி 3 மி.மீ., துளை அதைவிட நூலிழை அளவு பெரிது, பின் ஆணி முனையிலிருந்து 14 மி.மீ. சுத்தியலைத் தொடவே இல்லை, எபாக்சியில் உட்காரவைத்து அரத்தால் சமன் செய்தேன். அலகு இந்த முறை துருப்பிடிக்காத இரும்பு. டாக்டர் ஐயா சொன்ன முகக்கவசத்தை ஒருநாளும் கழற்றவில்லை.

உலைமேடு · 18 ஜனவரி, இரவு 9:10

படம் பார்த்தேன். ஆணியைச் சுற்றி எலும்பில் ஒரு கீறல் இல்லை, தேயிலை நிறமும் சீராக ஏறியிருக்கிறது. மனசுக்கு நிறைவாக இருக்கிறது தம்பி. ஆனால் இது தை மாதம், காற்றில் ஈரம் இருக்கிறது. எலும்பு ஈரம் குடித்து லேசாக உப்பும், வறட்சியில் சுருங்கும். சித்திரை வெயிலைத் தாண்டட்டும், அப்புறம் நகம் வைத்துப் பார்த்துச் சொல்லு.

பட்டறைப்பையன் · 2 ஜூன், காலை 6:50

அண்ணா, கத்திரி வெயில் முடிந்து ஐந்து நாள் ஆகிறது. கத்தி தினமும் என் சட்டைப்பையில்தான் இருந்தது. சணல் அறுக்க, மாங்காய் நறுக்க, தபால் பிரிக்க எல்லாம் இதுதான். மாங்காய் நறுக்கின அன்றைக்கெல்லாம் உடனே கழுவித் துடைத்துவிட்டேன். கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் நிறம் கொஞ்சம் ஆழமாகி மின்னுகிறது. மஞ்சள் திட்டு இல்லை, வாடை இல்லை.

இன்று காலை வெளிச்சத்தில் வைத்து, பின் ஆணியிலிருந்து முனை வரை கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே வைத்து மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும். எங்கேயும் தட்டவில்லை.